லக்சபான மின்சாரமும் லயத்துக்கு வராத பஸ்ஸும்

இலங்கைக்கு மின்சார பஸ் புதிதல்ல. 1953ஆம் ஆண்டிலேயே அது கொழும்பு வீதிகளில் ஓடியது. மேலே இரட்டைக் கம்பி, அதைத் தொட்டபடி வண்டியின் தலையிலிருந்து நீளும் இரண்டு தடிகள், கீழே ரப்பர் டயர். டிராலி பஸ் என்றார்கள். அதை ஓட்டியது மத்திய அரசாங்கம் இல்லை, பஸ் முதலாளியும் இல்லை. கொழும்பு மாநகர சபை ஓட்டியது. 1899இல் வெள்ளைக்காரக் கம்பனி தொடங்கிய டிராம் சேவையை 1944இல் தன் கைக்கு எடுத்துக்கொண்ட சபை, ஒன்பது ஆண்டுகள் கழித்து டிராலி பஸ்ஸை இறக்கியது. 1958இல் நாட்டின் பஸ் சேவை முழுவதும் தேசியமயமானது. 1960இல் டிராம் போயிற்று. 1964இல் டிராலி பஸ்ஸும் நின்றது. பதினோரு ஆண்டுகள்தான் என்றாலும், ஓர் உள்ளூராட்சி சபை மின்சார பஸ் வாங்கி ஓட்டிய வரலாறு இந்த நாட்டுக்கு உண்டு.

அந்தக் காலத்தில் கொழும்புக்குப் புதிதாக மின்சாரம் வந்த இடம் நம்முடைய மலை. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் மலைநாட்டு நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அதற்கும் முன்னரே, 1912இல், நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூலில் ஒரு சிறிய நீர்மின் நிலையத்தை அமைத்து நுவரெலியா நகருக்கு வெளிச்சம் கொடுத்தவர் அவர். அவருடைய பெரிய கனவான லக்சபான 1950இல்தான் இயங்கத் தொடங்கியது. மலையிலிருந்து கொழும்புக்கு மின்கம்பி இறங்கியது. மூன்றே ஆண்டில் அங்கே மின்சார பஸ் ஓடியது. அதே 1953இல் விமலசுரேந்திர காலமானார்.

அந்த மின்கம்பிக்குக் கீழே, தேயிலை மலைகளில் இருந்த நம் மூத்தவர்களுக்கு அப்போது குடியுரிமையே இல்லை. 1948இன் சட்டம் அதைப் பறித்திருந்தது. மறு ஆண்டு வாக்குரிமையும் போனது. பஸ் வேண்டும் என்று கேட்பதற்கு ஓர் உறுப்பினரைத் தெரிவு செய்யக்கூட வழியில்லை. இப்போது வாக்கு இருக்கிறது, சபை இருக்கிறது, உறுப்பினர் இருக்கிறார். பஸ்?

போன மாசியில் ஒரு நாள் விடியற்காலை, மஸ்கெலியாவிலிருந்து சாமிமலைப் பக்கம் போகும் வீதியில் ஒரு சந்தியில் நின்றுகொண்டிருந்தேன். பனி இன்னும் விலகவில்லை. மேலே லயத்திலிருந்து இறங்கிவந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை காலில் ரப்பர் செருப்புப் போட்டிருந்தாள். வெள்ளைச் சப்பாத்து கையில் ஒரு ஷொப்பிங் பைக்குள் இருந்தது. சந்தியில் உள்ள பீலியில் காலைக் கழுவி, சப்பாத்தை மாட்டி, செருப்பைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். தினமும் நடப்பதுதான் என்பது கடைக்காரர் அதை வாங்கி வைத்த விதத்திலேயே தெரிந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர். கிளினிக் கொப்பியை பொலித்தீனில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தார். பஸ் வந்தது. மிதிபலகையிலும் ஆள். நிற்கவில்லை. பெரியவர் கையை இறக்கிவிட்டு, ஓட்டோக்காரப் பையனைப் பார்த்து, "தம்பி, ஆஸ்பத்திரி வரைக்கும் எவ்வளவுப்பா?" என்றார். "நாலு பேர் சேருங்க தாத்தா, பிரிச்சுக்கலாம்" என்றான் அவன். அந்த நான்கு பேர் சேர முக்கால் மணித்தியாலம் ஆனது.

அந்த ஆஸ்பத்திரிக்கும் ஒரு கதை உண்டு. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு கட்டப்பட்ட வைத்தியசாலையை 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி வந்து திறந்துவைத்தார். அன்று நோர்வூட் மைதானத்தில் கூடிய கூட்டத்தை நாம் மறக்கவில்லை. கட்டடம் நல்ல கட்டடம். அங்கே போய்ச் சேருவதற்கான வழியை யாரும் திறந்துவைக்கவில்லை. ஓட்டோக்காரப் பையன்மீதும் எனக்குக் கோபமில்லை. அவனும் தோட்டத்துப் பிள்ளைதான், லீசிங் கட்டுகிறான். ஆனால் ஒரு நாள் பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, கிடைக்கும் சம்பளத்தில் ஒரு நல்ல பங்கைப் போக வர ஓட்டோவுக்கே கொடுக்கிற குடும்பங்களிடம் போய்ச் சம்பள உயர்வு பற்றிப் பேசும்போது, இந்தச் செலவையும் சேர்த்துப் பேச வேண்டும். தொழிற்சங்கத் தலைவர்கள் யாரும் இதைப் பேசிக் கேட்டதில்லை.

சரி, பஸ் விடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை. மாகாணங்களுக்கு இடையே ஓடுபவை தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் கீழ் வரும். ஹட்டன் டிப்போவும் நுவரெலியா டிப்போவும் இலங்கை போக்குவரத்துச் சபையுடையவை (இ.போ.ச.), அதன் தலைமையகம் கொழும்பில். நுவரெலியா மாவட்டத்தின் 12 உள்ளூராட்சி சபைகளுக்கும் பஸ் விடயத்தில் உள்ள அதிகாரம் பஸ் நிலையத்தின் கூரையோடும் கழிப்பறையோடும் முடிந்துவிடுகிறது. மக்கள் முறைப்பாடு செய்யக்கூடிய அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் சபைக்கு அதிகாரமில்லை. அதிகாரமுள்ள மாகாண சபைக்கு மக்கள் பிரதிநிதிகளே இல்லை. மத்திய மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநர் ஆட்சிதான்.

அதே 2018இல் நமக்கு நடந்த இரண்டு நல்ல காரியங்களையும் சொல்லியாக வேண்டும். அம்பகமுவ, நுவரெலியா என்று இரண்டே பிரதேச சபைகளாக இருந்தவை ஆறாகப் பிரிந்தன. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகியவற்றுக்குச் சொந்தச் சபைகள் கிடைத்தன. அடுத்தது, 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவில் செய்த திருத்தம். அதுவரை தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிட அந்தப் பிரிவு தடையாக நின்றது. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த உறுப்பினர், அந்த மக்களின் பாதையில் ஒரு கல்வெர்ட் போடுவதற்குத் துரையின் தயவை எதிர்பார்த்துக் கிடந்தார். முப்பது ஆண்டுகள் இப்படிப் போயின. இன்று சட்டம் வழிவிட்டிருக்கிறது, கையில் காசில்லை. ஆதன வரி வாங்குவதற்கு லயத்துக் காம்பிரா யாருடைய ஆதனம்? நிலம் அரசுடையது, 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளுடையது, குடியிருப்பவருக்கு உறுதிப் பத்திரம் இல்லை. நகரத்துக் கடைவரியும் சந்தை வாடகையும் கொண்டு ஒரு சபை மின்சார பஸ் வாங்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் அந்தச் சபையின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்காதவர்.

எனவே பணம் எங்கிருந்து வரும் என்பதைத்தான் முதலில் பேச வேண்டும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைகிற பழக்கம் நமக்கு உண்டு. வெளிநாட்டு நன்கொடையில் வந்த எத்தனையோ வண்டிகள், முதல் டயர் தேய்ந்ததும் சபை வளவுகளில் புல் முளைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறோம்.

சென்னையை எடுத்துக்கொள்வோம். 2025 ஜூன் 30ஆம் திகதி வியாசர்பாடி பணிமனையில் 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகளை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடக்கிவைத்தார். பேருந்துகளின் மதிப்பு 207.90 கோடி இந்திய ரூபாய் என்று அறிவித்தார்கள். முதற்கட்டத் திட்டம் 625 பேருந்துகள். உலக வங்கியின் துணையும் இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, பேருந்துகளை மாநகர் போக்குவரத்துக் கழகம் வாங்கவில்லை என்பது. ஒப்பந்த நிறுவனம் வாங்குகிறது, சாரதியைப் போடுகிறது, பழுது பார்க்கிறது, மின்னேற்றுகிறது. நடத்துநர் கழகத்தின் ஆள். டிக்கெட் பணம் கழகத்துக்கு. ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பேசிய தொகையைக் கழகம் நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. இது கொல்லைப்புற வழியாக வரும் தனியார்மயம் என்று அங்குள்ள இடதுசாரித் தொழிற்சங்கம் எதிர்த்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. சாரதியின் வேலைப் பாதுகாப்பை ஒப்பந்தக்காரர் கையில் விடுவது நல்லதல்ல. ஆனாலும் நம்மைப் போன்ற ஏழைச் சபைக்கு இந்த முறையில் ஓர் அனுகூலம் உண்டு. ஒரே நாளில் பெரும் முதல் தேவையில்லை. பற்றரி கெட்டால் அது சபையின் தலைவலி இல்லை. மாதாமாதம் கிலோமீட்டர் பணம் தவறாமல் கொடுக்க முடிந்தால் போதும்.

அந்த "போதும்" சிறிய விடயமில்லை. இந்திய அரசு 2023 ஓகஸ்டில் 10,000 பேருந்துகளுக்கான பிஎம் இ-பஸ் சேவா திட்டத்தை அறிவித்தது. மறு ஆண்டிலேயே, போக்குவரத்து நிறுவனங்கள் பணம் கட்டத் தவறினால் ஒப்பந்தக்காரருக்குப் பணம் போய்ச் சேருவதற்கான உத்தரவாத நிதி ஒன்றையும் தனியாக அமைக்க வேண்டியிருந்தது. நகரங்கள் சொன்ன தேதியில் கொடுக்காது என்பது பஸ் கம்பனிகளுக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது. நகரங்களுக்கே அப்படியென்றால் அக்கரப்பத்தனைப் பிரதேச சபையின் கையெழுத்தை நம்பி யார் பஸ் இறக்குவார்?

கிலோமீட்டருக்குப் பணம் கொடுப்பது நமக்கும் அந்நியமான யோசனை இல்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்கு "சிசு செரிய" ஓடுகிறது. பிள்ளை கட்டணத்தில் ஒரு பங்கைக் கொடுக்க, மிச்சத்தை அரசு ஈடுசெய்கிறது. ஆதாயமில்லாத கிராமப் பாதைகளுக்கு "கெமி செரிய" இருக்கிறது. நட்டத்துக்கு ஓடும் பாதையை அரசுப் பணம் தாங்கலாம் என்ற கொள்கையை நாடு எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்தத் தாங்கல் தோட்டப் பாதைக்கு ஏன் போதிய அளவு வரவில்லை என்பது வேறு கேள்வி. 2025 வரவுசெலவுத் திட்டத்திலும் நவீன பஸ்கள் என்ற பேச்சு கொழும்பின் பிரதான பாதைகளைச் சுற்றித்தான் இருந்தது.

இனி நம் சொத்துக் கணக்குக்கு வருகிறேன். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் பாயும் சரிவில் விமலசுரேந்திர, பழைய லக்சபான, புதிய லக்சபான, கன்யன், பொல்பிட்டிய என்று ஐந்து மின்நிலையங்கள். சேர்த்தால் 350 மெகாவாட்டுக்கு மேல். காசல்ரீயும் மவுசாக்கலையும் அவற்றுக்குத் தண்ணீர் தேக்கும் தொட்டிகள். மவுசாக்கலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரியும். ஆட்கள் போய்க் கும்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். தலவாக்கலையில் 2012இல் மேல் கொத்மலை வந்தது. 150 மெகாவாட். அதற்காகவும் லயங்கள் பெயர்ந்தன, கடைகள் பெயர்ந்தன, சென்கிளேயர் அருவி மெலிந்தது.

இந்த மின்சாரத்திலிருந்து, அது பிறக்கும் பிரதேச சபைகளுக்குச் சட்டப்படி ஒரு பங்கு உண்டா? இல்லை. மற்ற நாடுகளில் உண்டு. நோர்வேயில் ஆற்றை மறித்து மின்சாரம் எடுப்பவர், அதில் பத்து வீதம் வரைக்கும் அந்தப் பகுதி நகராட்சிக்கு உற்பத்தி விலையிலேயே கொடுக்க வேண்டும். இந்தியாவின் 2008ஆம் ஆண்டு நீர்மின் கொள்கை, மாநிலத்துக்குக் கிடைக்கும் 12 வீத இலவச மின்சாரத்துக்கு மேல் ஒரு வீதத்தை அணை இருக்கும் இடத்தின் அபிவிருத்திக்கென்றே ஒதுக்கச் சொன்னது. நேபாளத்தில் நீர்மின் உரிமப் பணத்தில் கால் பங்கு உள்ளூராட்சிக்குப் போகிறது. நேபாளம் நம்மைவிடப் பணக்கார நாடு இல்லை.

மேல் கொத்மலையை மட்டும் வைத்து ஒரு கணக்குப் போடலாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 40 கோடி யூனிட் கிடைக்கும் என்று எதிர்பார்த்துத்தான் அதைக் கட்டினார்கள். யூனிட்டுக்கு 50 சதம் உள்ளூராட்சிக்கு என்று வைத்தால் ஆண்டுக்கு 20 கோடி ரூபாய். சென்னைப் பேருந்து ஒன்றின் விலை சராசரியாக ஒரு கோடியே 73 இலட்சம் இந்திய ரூபாய் ஆகிறது. நம் பணத்தில் கிட்டத்தட்ட ஆறு கோடி. அப்படியே காசு கொடுத்து வாங்கினால் ஆண்டுக்கு மூன்று பஸ், அதோடு கை சுட்டுவிடும். அதே 20 கோடியை கிலோமீட்டர் பணமாகப் போடுங்கள். 20 பஸ், ஒவ்வொன்றும் நாளுக்கு 150 கிலோமீட்டர் என்றால் ஆண்டுக்குப் பதினொரு இலட்சம் கிலோமீட்டர் வரும். டிக்கெட் பணத்தைத் தொடாமலே கிலோமீட்டருக்கு 180 ரூபாய் கையில் இருக்கும். இத்தனைக்கும் இது ஒரே ஒரு மின்நிலையம். லக்சபானத் தொகுதியை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இந்தப் பணம் திறைசேரிக்குப் போய், மாகாணத்துக்கு வந்து, பிறகு சபைக்கு வர வேண்டும் என்று வைத்தால் வழியிலேயே வற்றிவிடும். மின்சாரம் விற்பவரிடமிருந்து நேராக ஒரு தனிக் கணக்குக்கு வர வேண்டும். அந்தக் கணக்கைக் காட்டித்தான் சபைகள் ஒப்பந்தம் எழுத வேண்டும். பன்னிரண்டு சபைகளும் தனித்தனியாகப் பஸ் கம்பனி நடத்துவது நடக்காத காரியம். தோட்டப் பகுதிச் சபைகள் சேர்ந்து ஒரு கூட்டு அமைப்பாக இருந்து, இ.போ.ச. டிப்போவையே ஓட்டுநராக வைத்துக்கொள்ளலாம். தனியாருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஹட்டன் டிப்போ ஊழியர்களுக்கு இந்த மலைப்பாதையின் ஒவ்வொரு முடக்கும் தெரியும். அந்த அனுபவத்தை எந்த ஒப்பந்தக்காரரும் கொழும்பிலிருந்து கொண்டுவர முடியாது.

"மலையில் மின்சார பஸ் ஏறுமா?" என்று கேட்பவர்களுக்கு இமாசலப் பிரதேசம் பதில் சொல்லும். 2017இலேயே மணாலியிலிருந்து ரோத்தாங் கணவாய் வழியில், 13,000 அடி உயரத்துக்கு, அந்த மாநிலப் போக்குவரத்துக் கழகம் மின்சார பஸ் ஓட்டியது. நுவரெலியா அதில் பாதி உயரம்கூட இல்லை. மின்மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழுப் பலத்தோடு இழுக்கும். கினிகத்தேனை ஏற்றத்தில் டீசல் பஸ் கியரை மாற்றி மாற்றிக் கறுப்புப் புகை கக்குகிற வேலை இதற்கு இல்லை.

இறக்கம் அதைவிட முக்கியம். இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராகத் திரும்பி, வண்டியின் வேகத்தைப் பிடித்துக்கொண்டே பற்றரிக்கு மின்சாரம் அனுப்பும். பன்னிரண்டு தொன் எடையோடு ஒரு பஸ் 600 மீட்டர் உயர்வதற்கு, அந்த உயர்வுக்கு மட்டும், கிட்டத்தட்ட 20 யூனிட் வேண்டும். ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் உள்ள உயர வித்தியாசம் ஏறக்குறைய அவ்வளவுதான். திரும்பி இறங்கும்போது அதில் ஒரு நல்ல பங்கு பற்றரிக்குத் திரும்பி வரும். டீசல் பஸ்ஸில் அந்தச் சக்தி பெரும்பாலும் பிரேக் சூடாகத்தான் போகிறது. ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பற்றரி நிரம்பியிருந்தால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு உள்ளே இடமிருக்காது. எனவே உச்சியில் இருக்கும் நுவரெலியாவில் வண்டியை முழுக்க மின்னேற்றி இறக்கத்தில் விடுவது முட்டாள்தனம். கீழே ஏற்ற வேண்டும், மேலே கொஞ்சம் வெறுமையாக வைத்திருக்க வேண்டும். இதைத் தெரிந்து திட்டம் போடுபவர் ஒருவராவது அந்த மேசையில் இருக்க வேண்டும்.

2025 மே 11ஆம் திகதி அதிகாலை கொத்மலை கெரண்டிஎல்லவில் இ.போ.ச. பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முந்திய டிசம்பரில் ஹட்டன் மல்லியப்புவில் ஒரு தனியார் பஸ் புரண்டது. 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்லை குறுக்கு வீதியில் ஏழு பேர். ஒவ்வொரு விபத்துக்கும் ஒவ்வொரு காரணம் இருக்கும். எல்லாவற்றையும் பிரேக்கின் தலையில் போட நான் வரவில்லை. பழைய வண்டி, நித்திரை இல்லாத சாரதி, பாதுகாப்புச் சுவர் இல்லாத வீதி எல்லாம் சேர்ந்ததுதான் நம் மலைப்பாதை. ஆனாலும் இறக்கத்தில் தானாகவே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும் வண்டியை முதலில் எந்தப் பாதைக்கு அனுப்ப வேண்டும்? சமதரையான காலி வீதிக்கா, ரதெல்லைக்கா?

சென்னையின் பன்னிரண்டு மீட்டர் தாழ்தளப் பேருந்தை அப்படியே இறக்கினால் அது முதல் தோட்டத்து வளைவிலேயே அடிவயிறு தட்டி நிற்கும். நமக்கு வேண்டியது எட்டு, ஒன்பது மீட்டர் நீளமுள்ள, தரையிலிருந்து உயர்ந்த வண்டி. கொழும்பில் மொத்தமாக டெண்டர் போட்டு அனுப்பினால் நமக்குத் தேவையில்லாததுதான் வந்துசேரும். எந்த வண்டி என்பதை முடிவு செய்யும் உரிமையும் பணத்தோடு சேர்ந்து சபைக்கு வர வேண்டும்.

மின்சாரத் தட்டுப்பாடு வந்தால் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. 2022 மார்ச்சில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தோம். நீர்த்தேக்கங்களும் வற்றியிருந்தன, எரிபொருள் வாங்க டொலரும் இருக்கவில்லை. வறட்சிக் காலத்தில் நம் பஸ் நுரைச்சோலை நிலக்கரியில்தான் ஓடும் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதே ஆண்டு ஜூனில் டீசல் லீற்றர் 460 ரூபாயானது. பஸ் கட்டணம் ஜூலையில் ஆகக் குறைந்தது 40 ரூபாயானது. டீசல் வரிசையில் பஸ்கள் நாட்கணக்கில் நின்றன. மின்சாரம் வெட்டினால் சில மணித்தியாலத்தில் திரும்பி வரும். டீசல் கப்பல் அப்படி வருவதில்லை. இன்றைய நிலைமை இன்னொரு விதம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டதாக அமைச்சர் சொன்ன கதை உலகமெல்லாம் போனது. அன்று ஞாயிற்றுக்கிழமைப் பகல். சூரிய மின்சாரம் ஏராளமாக இருந்ததும், பாவனை குறைந்திருந்ததும் அந்தச் சரிவுக்குத் துணைபோயின. இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் வேளையில் கூரை சூரியகலங்களை நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே பாவனையாளர்களைக் கேட்டது. பகலில் மின்சாரத்தை வைத்துக்கொள்ள இடமில்லாத நாட்டில், காலைக் கூட்டம் முடிந்து பள்ளிக்கூடம் விடும்வரை டிப்போவில் சும்மா நிற்கும் மின்சார பஸ்களின் பற்றரியே அந்த இடமாகலாம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து மலையைச் சரித்தபோது ரயில் பாதை போயிற்று, வீதிகள் போயின, உயிர்கள் போயின. மண் சரிந்த வீதியில் டீசல் பஸ்ஸும் ஓடாது, மின்சார பஸ்ஸும் ஓடாது. மின்னேற்றும் நிலையத்தை எங்கே வைப்பது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்டுவிட்டுத்தான் அத்திவாரம் வெட்ட வேண்டும். வீதி திருத்தும் பணத்தை எடுத்துப் பஸ் வாங்கச் சொல்லவும் மாட்டேன். முதலில் வீதி. ஆனால் இந்த வீதிகளைத் திரும்பக் கட்டப்போகும் நேரத்தில், வளைவை ஒரு மீட்டர் அகலமாக வெட்டுவதற்கும், பஸ் திரும்ப ஓர் இடம் விடுவதற்கும் பெரிய செலவு பிடிக்காது. கட்டி முடித்த பிறகு கேட்டால் பத்து மடங்கு பிடிக்கும்.

எனக்கு உள்ள பயம் வேறு. மலையகத்துக்கு மின்சார பஸ் வராமல் போய்விடுமோ என்று நான் பயப்படவில்லை. நிச்சயம் வரும். பச்சை நிறம் பூசி, கண்ணாடிக் கூரை போட்டு, சித்திரை வசந்தகாலத்தில் கிரகரி வாவியைச் சுற்றி உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடும். திறப்பு விழாவில் படம் எடுப்பார்கள். சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கினால் ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு ஓடும். யாத்திரிகருக்கும் பயணிகளுக்கும் பஸ் வேண்டாம் என்பதல்ல. டிசம்பர் தொடங்கி வெசாக் வரைக்கும் தங்களுடைய பஸ் எங்கே போனது என்று கேட்கிற தோட்டத்து மக்களின் முறைப்பாடும் ஒவ்வொரு ஆண்டும் வருகிறது. இந்த மாவட்டத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தோட்டத்தில் இருக்கிறார்கள். முதல் பத்து பஸ்ஸும் பொகவந்தலாவை, சாமிமலை, அக்கரப்பத்தனை, இராகலைப் பாதைகளில் ஓடட்டும். பதினொன்றாவது வாவிக்குப் போகட்டும்.

சபை உறுப்பினர்கள் இதைப் படித்தால், "சட்டம் இடம் கொடுக்கவில்லை" என்பார்கள். 33ஆம் பிரிவும் முப்பது ஆண்டுகள் இடம் கொடுக்காமல்தான் இருந்தது. கேட்டுக் கேட்டுத்தான் மாற்றினோம். பஸ் அதிகாரம் மாகாணத்திடம் இருந்தாலும், நீர்மின் வருமானத்தில் பங்கு வேண்டும் என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நோர்வூட், மஸ்கெலியா, அம்பகமுவ, கொட்டகலை, அக்கரப்பத்தனைப் பிரதேச சபைகளும், தலவாக்கலை-லிந்துலை, ஹட்டன்-டிக்கோயா நகர சபைகளும் ஒரே மாதத்தில் ஒரே தீர்மானத்தைப் போட்டால், மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் அதைத் தட்டிக்கழிப்பது சிரமம். 2025 மே 6ஆம் திகதி நாம் வாக்களித்துத் தெரிவு செய்த சபைகள் இவை. ஆண்டு முடிவதற்குள் அடுத்த ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தைச் சபையில் வைப்பார்கள். அன்று பொதுமக்கள் போய் உட்கார்ந்து பார்க்கலாம். ஒரு அரைநாள் பேரை விட்டுவிட்டுப் போங்கள். கூட்டம் முடிந்ததும் உங்கள் வட்டாரத்து உறுப்பினரிடம், நம் தண்ணீருக்கு யூனிட்டுக்கு எத்தனை சதம் கேட்டீர்கள் என்று கேளுங்கள்.